டேப் அடித்தால் கிளை எண் வர வேண்டும், தவறாக அடித்தால் ஸ்கிரிப்ட் நிற்க வேண்டும்: பாஷ் ஆர்குமெண்ட் சரிபார்ப்பு பற்றி

1. இரவுப்பணி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் பணிபுரியும் நிறுவனத்துக்கு 14 கிளைகள் உள்ளன. ஒவ்வொரு கிளையின் தரவுத்தளத்தையும் காப்பெடுத்து, காலாவதியான பழைய காப்புகளை நீக்கும் பாஷ் (லினக்ஸில் கட்டளைகளை ஏற்று இயக்கும் ஷெல் நிரல்) ஸ்கிரிப்ட் ஒன்றை எனக்கு முன்பிருந்தவர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதன் பெயர் கிளைக்காப்பு, மொத்தம் 140 வரிகள். அது மூன்று ஆர்குமெண்ட்களை (கட்டளையோடு சேர்த்துத் தட்டும் மதிப்புகளை) வரிசையாக எதிர்பார்க்கிறது: 01 முதல் 14 வரையுள்ள கிளை எண், டெய்லி, வீக்லி, மன்த்லி என்ற மூன்றில் ஒரு வகை, ஆண்டு-மாதம்-நாள் வடிவில் ஒரு தேதி.

சென்ற வாரம் உடன் பணிபுரிபவர் ஒருவர் மாதாந்திரக் காப்பைக் கையால் இயக்கியபோது, மன்த்லி என்ற சொல்லில் ‘எல்’ எழுத்து விட்டுப்போய்விட்டது. ஸ்கிரிப்ட் எந்த மறுப்பும் சொல்லவில்லை. பின்னர் குறியீட்டைப் பிரித்துப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. எந்தக் கோப்புறை என்பதை வகையின் முதலெழுத்தை மட்டும் வைத்தும், எத்தனை நாள் பழையதை நீக்குவது என்பதை முழுச்சொல்லை கேஸ் கட்டளையில் ஒப்பிட்டும் அது முடிவு செய்கிறது. அந்தக் கேஸின் கடைசி நட்சத்திரக் கிளை (நிறுவனக் கிளை அல்ல, நட்சத்திரக் குறியிட்ட, எந்தச் சொல்லுக்கும் பொருந்தும் வழி), தெரியாத சொல் எது வந்தாலும் 7 நாள் என்று வைத்துக்கொள்கிறது. ஆகவே முதலெழுத்துப்படி மாதாந்திரக் கோப்புறைக்குள் சரியாகப் போய், 7 நாளுக்கு மேற்பட்ட 11 காப்புகளையும் துடைத்துவிட்டு, வேலை முடிந்தது என்றும் அறிவித்துவிட்டது. வெளி வட்டில் பிரதி இருந்ததால் தப்பித்தோம்.

என் கேள்விகள் இரண்டு. ஆர்குமெண்ட்களைச் சரிபார்க்கும் முறையான வழி எது? டேப் விசையை அழுத்தினால் கிளை எண்ணும் வகையும் தாமாக நிரம்பும்படி செய்ய முடியுமா? டேப் வசதி இருந்திருந்தால் இந்த விபத்தே நடந்திருக்காது என்று மேலாளர் நினைக்கிறார். சேவையகங்கள் அனைத்தும் உபுண்டு, ஒருவர் மட்டும் மேக் வைத்திருக்கிறார்.

2. கருந்திரை

வணக்கம் நண்பரே. மேலாளரின் கருத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. டேப் நிரப்புதல் என்பது விசைப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதருக்குச் செய்யும் உதவி. அதைப் பயன்படுத்தாமல் முழுச்சொல்லையும் தட்டுபவரை அது தடுக்காது. குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக இயக்கும் க்ரான் டேப் அடிப்பதில்லை, வேறொரு ஸ்கிரிப்டிலிருந்து உங்கள் ஸ்கிரிப்டை அழைக்கும்போதும் யாரும் டேப் அடிப்பதில்லை. ஆகவே முதலில் சரிபார்ப்பை முடியுங்கள். டேப் வசதியைப் பிறகு அதன் மேல் பொருத்தலாம்.

உங்கள் ஸ்கிரிப்டின் உண்மையான நோய் அந்த நட்சத்திரக் கிளை. கேஸ் கட்டளையில் நட்சத்திரத்தை இயல்பு மதிப்புக்குப் பயன்படுத்துவது, வாசலில் யார் என்று கேட்காமல் கதவைத் திறந்துவிடுவதற்குச் சமம். அந்த இடத்தில் மறுப்பு மட்டுமே இருக்க வேண்டும். அத்துடன் ஒரே ஆர்குமெண்டை ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் வேறிடத்தில் முழுச்சொல்லாகவும் படிப்பதை நிறுத்திவிடுங்கள். சரிபார்த்து முடித்ததும் கோப்புறை, நாட்கணக்கு இரண்டையும் அதே கேஸின் அதே கிளையில் ஒன்றாக அமைத்துவிட்டால் அவை இனி ஒன்றுக்கொன்று முரண்பட வழியில்லை.

நான் கடைப்பிடிக்கும் ஒழுங்கு இது. முதலில் ஆர்குமெண்ட்களின் எண்ணிக்கை சரியாக மூன்றா என்று பார்க்கிறேன். பிறகு ஒவ்வொன்றும் காலியாக இல்லையா, வடிவம் சரியா, அனுமதித்த பட்டியலில் உள்ளதா என்று பார்க்கிறேன். இவை அனைத்தும் முடிந்த பின்னரே ஒரு கோப்பையேனும் தொடும் முதல் வரி வரும். பாதி வேலை ஆன பிறகு மூன்றாவது ஆர்குமெண்ட் தவறு என்று கண்டுபிடிக்கும் ஸ்கிரிப்ட், ஒன்றையும் கண்டுபிடிக்காத ஸ்கிரிப்டைவிட மோசமானது.

பிழைச்செய்தி, வழக்கமான வெளியீட்டில் கலக்காமல் பிழை வெளியீட்டுக்குப் போக வேண்டும். என்ன கொடுக்கப்பட்டது, எவையெல்லாம் ஏற்கத்தக்கவை என்ற இரண்டும் அதில் இருக்க வேண்டும். கொடுக்கப்பட்டதை மேற்கோள் குறிக்குள் காட்டுங்கள், இல்லையென்றால் காலியான ஆர்குமெண்டும் பின்னொட்டிய இடைவெளியும் கண்ணுக்குத் தெரியாது. வெளியேறும் எண்ணாக 2 கொடுங்கள். பாஷின் உள்கட்டளைகள் தவறான பயன்பாட்டுக்கு அந்த எண்ணைத்தான் தருகின்றன.

3. இரவுப்பணி

மிக்க நன்றி ஐயா. நட்சத்திரக் கிளையை மாற்றிவிட்டேன். கிளை எண்ணுக்கு, 1-க்குக் குறையாமலும் 14-க்கு மிகாமலும் உள்ளதா என்று இரட்டைச் சதுர அடைப்புக்குள் ஒப்பிட்டேன். வினோதமான விளைவு ஒன்று வந்தது: 01 முதல் 07 வரை ஏற்கிறது, 08, 09 இரண்டையும் மறுக்கிறது, 10 முதல் மீண்டும் ஏற்கிறது. அடிப்படைக்கு மிஞ்சிய மதிப்பு என்ற பொருளில் ஒரு பிழைச்செய்தி வருகிறது. பழைய ஸ்கிரிப்டில் வேறொரு இடத்தில் ஒற்றைச் சதுர அடைப்புக்குள் இதே ஒப்பீடு இருக்கிறது, அங்கே 08 ஒழுங்காக வேலை செய்கிறது.

4. கருந்திரை

இந்தக் குழியில் நானும் விழுந்திருக்கிறேன். இரட்டை அடைப்புக்குள் எண் ஒப்பீடு செய்தால், இரு பக்கமும் இருப்பதை பாஷ் ஒரு கணக்குக் கோவையாக மதிப்பிடுகிறது. கணக்குக் கோவையில் 0 என்று தொடங்கும் எண் எட்டடிமான எண். எட்டடிமானத்தில் 8, 9 என்ற இலக்கங்களே கிடையாது. ஆகவே 07 வரை தற்செயலாகச் சரியாக வரும், 08-இல் உடையும். ஒற்றை அடைப்பு அப்படி மதிப்பிடாமல் சாதாரணப் பதின்ம எண்ணாகவே படிக்கிறது. எண்ணுக்கு முன்னால் 10 என்றும் தொடர்ந்து ஹாஷ் குறியும் இட்டால், பதின்ம அடிப்படையில் படிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாம்.

ஆனால் அந்த ஒட்டுப்போடுதல் உங்களுக்குத் தேவையில்லை. கிளை எண் என்று நாம் அழைத்தாலும் அது எண் அல்ல, இலக்கத்தில் எழுதிய பெயர். அதைக் கூட்டப் போவதுமில்லை, பெருக்கப் போவதுமில்லை. பெயரைப் பெயராகவே ஒப்பிடுங்கள். நாளை 06 என்ற கிளை மூடப்பட்டால், 1 முதல் 14 வரை என்ற வரம்பு அதையும் தொடர்ந்து ஏற்றுக்கொண்டிருக்கும். பட்டியலில் ஒரு வரியை எடுத்துவிட்டால் அது மறுக்கப்படும்.

இன்னொரு காரணமும் உண்டு, அது 08-ஐவிட ஆபத்தானது. கணக்குக் கோவையாக மதிப்பிடும்போது, வந்த சொல் ஓர் அணியின் (பல மதிப்புகளை வைக்கும் மாறியின்) பெயரும் சதுர அடைப்புக்குள் ஒரு கட்டளைப் பதிலீடும் (கட்டளையை இயக்கி அதன் வெளியீட்டை அங்கே வைக்கும் அமைப்பு) போல அமைந்திருந்தால், பாஷ் அந்தக் கட்டளையை நிஜமாகவே இயக்கிவிடும். சரிபார்ப்பதற்காக எழுதிய வரியே ஊடுருவும் வழியாகிவிடும். வெளியிலிருந்து வரும் எந்தச் சொல்லையும், அது இலக்கங்களால் மட்டும் ஆனது என்று வடிவத்தை உறுதி செய்யும் முன் எண் ஒப்பீட்டுக்குள் விடக் கூடாது.

5. நாள்காட்டி

தேதி பற்றி யாரும் பேசவில்லை என்பதால் குறுக்கிடுகிறேன். பலர் செய்வது போல நீங்களும் தேதியை டேட் கட்டளையிடம் கொடுத்து, அது பிழை சொல்லாவிட்டால் சரி என்று எடுத்துக்கொண்டால், உபுண்டுவில் உள்ள குனு டேட் மிகவும் தாராள மனம் படைத்தது. பிப்ரவரி 30-ஐ மறுக்கும், அதுவரை நல்லது. ஆனால் ‘நாளை’, ‘அடுத்த வெள்ளி’ என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்களையும் மகிழ்ச்சியாக ஏற்கும். எல்லாவற்றையும்விட, காலிச் சரத்தைக் கொடுத்தால் பிழை சொல்லாமல் இன்றைய தேதியின் நள்ளிரவைத் தந்துவிடும். உங்கள் மூன்றாவது ஆர்குமெண்ட் எங்காவது விட்டுப்போனால், ஸ்கிரிப்ட் அமைதியாக இன்றைய தேதியில் வேலை செய்துவிடும்.

நான் இரண்டு படியாகச் செய்கிறேன். முதலில் நான்கு இலக்கம், கோடு, இரண்டு இலக்கம், கோடு, இரண்டு இலக்கம் என்ற வடிவத்தை ரெஜெக்ஸில் (எழுத்து வடிவங்களை விவரிக்கும் குறிமுறையில்) சோதிக்கிறேன். பிறகு டேட்டிடம் கொடுத்து அதே வடிவத்தில் திரும்ப அச்சிடச் சொல்லி, வந்தது கொடுத்ததற்கு எழுத்துக்கு எழுத்துச் சமமா என்று பார்க்கிறேன். மேக்கில் உள்ள டேட் வேறு வகையைச் சேர்ந்தது, அதன் விருப்பக் குறிகளும் (கோட்டில் தொடங்கும் ஆப்ஷன்களும்) வேறு. அங்கே அழைக்கும் முறையை மாற்ற வேண்டும், ஆனால் ‘திரும்பி வந்தது கொடுத்ததற்குச் சமமா’ என்ற சோதனையை மாற்ற வேண்டியதில்லை.

6. இரவுப்பணி

காலிச் சரம் பற்றிச் சொன்னதைச் சோதித்துப் பார்த்தேன், அப்படியே நடக்கிறது. வடிவச் சோதனையைச் சேர்த்துவிட்டேன். இப்போது டேப் வசதிக்கு வரலாமா?

7. கருந்திரை

வரலாம். பாஷில் இந்த வசதி 2.04 பதிப்பிலிருந்து, அதாவது 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. கம்ப்ளீட் என்ற உள்கட்டளையைக் கொண்டு, கிளைக்காப்பு என்ற கட்டளைப் பெயருக்கு ஒரு ஃபங்ஷனைப் பதிவு செய்கிறோம். பயனர் டேப் அடித்தவுடன் பாஷ் அந்த ஃபங்ஷனை அழைக்கிறது. அப்போது அதுவரை தட்டிய சொற்கள் ஓர் அணியிலும், சுட்டி எத்தனையாவது சொல்லில் நிற்கிறது என்பது ஒரு மாறியிலும் தயாராக இருக்கும். நிரப்பத்தக்க சொற்களை கம்ப்ரிப்ளை என்ற அணியில் போட்டுவிடுவது மட்டுமே ஃபங்ஷனின் வேலை.

உங்கள் தேவைக்கு, முதல் சொல்லில் நின்றால் கிளைப் பட்டியல், இரண்டாவதில் நின்றால் மூன்று வகைகள், மூன்றாவதில் கடந்த 7 நாட்களின் தேதிகள் என்று பிரித்தால் போதும். இதுவரை தட்டிய எழுத்துகளுக்குப் பொருந்துபவற்றைச் சலித்தெடுக்க கம்ப்ஜென் உதவும். தட்டிய சொல்லை அதனிடம் கொடுக்கும் முன் இரட்டைக் கோடு இட மறக்காதீர்கள். இல்லையென்றால் கோட்டில் தொடங்கும் எதையாவது பயனர் தட்டும்போது கம்ப்ஜென் அதைத் தன் விருப்பக் குறியாக நினைத்துக்கொள்ளும்.

ஃபங்ஷனை வைத்த கோப்புக்குக் கட்டளையின் பெயரையே இட்டு, பாஷ்-கம்ப்ளீஷன் தொகுப்பின் கம்ப்ளீஷன்ஸ் கோப்புறையில் போட்டுவிட்டால், அந்தக் கட்டளைக்கு முதன்முறை டேப் அடிக்கும்போது அதுவே ஏற்றிக்கொள்ளும். புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று: பதிவு செய்வது கட்டளையின் பெயருக்குத்தான். ‘பாஷ்’ என்று முதலில் தட்டி அதன் பின்னால் ஸ்கிரிப்டின் பெயரைத் தட்டுபவருக்கு பாஷ் கட்டளைக்கான நிரப்புதல்தான் கிடைக்கும், உங்களுடையது கிடைக்காது. ஸ்கிரிப்டுக்கு இயக்க அனுமதி கொடுத்து, நேரடியாகப் பெயர் சொல்லி அழைக்கும்படி வையுங்கள்.

கிளைப் பட்டியலை இந்தக் கோப்பில் மறுபடியும் தட்டச்சு செய்துவிடாதீர்கள். ஸ்கிரிப்டிலேயே பட்டியல் என்று ஒரு மறைவான விருப்பக் குறியைச் சேர்த்து, டேப் ஃபங்ஷன் அதை அழைத்துப் பெற்றுக்கொள்ளட்டும். பட்டியல் இரண்டு இடத்தில் இருந்தால் ஒரு மாதத்தில் இரண்டும் வேறுபட்டுவிடும். டேப் காட்டும் சொல்லை ஸ்கிரிப்ட் மறுக்கும், அல்லது ஸ்கிரிப்ட் ஏற்பதை டேப் காட்டாது.

8. சந்தேகப்பிராணி

கருந்திரையின் பதிவுகளை மதித்தே சொல்கிறேன், அந்தக் கடைசி யோசனை எனக்கு அச்சத்தைத் தருகிறது. கோப்புகளை நீக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை, பயனர் இன்னும் என்டர் அடிக்காத நிலையில், ஒவ்வொரு டேப்புக்கும் இயக்கச் சொல்கிறீர்கள். ஏதோ ஒரு சேவையகத்தில் மறைவான விருப்பக் குறி சேர்க்கப்படாத பழைய பிரதி இருந்தால் என்ன ஆகும்? அது அந்தக் குறியையே கிளை எண் என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கும். மேலே சொன்ன அந்த நட்சத்திரக் கிளை இன்னும் உயிரோடு இருக்கும் பிரதி அது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

9. கருந்திரை

ஒப்புக்கொள்கிறேன். எல்லாப் பிரதிகளும் ஒரே நேரத்தில் புதுப்பிக்கப்படும் என்று எண்ணி எழுதிவிட்டேன், நடைமுறை அப்படியில்லை. அப்படியானால் பட்டியலைத் தனிக் கோப்பில் பாஷ் அணியாக எழுதி, ஸ்கிரிப்டும் டேப் ஃபங்ஷனும் அதை சோர்ஸ் செய்துகொள்ளலாம் (தமக்குள்ளேயே இயக்கி ஏற்றிக்கொள்ளலாம்).

10. சந்தேகப்பிராணி

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. டேப் ஃபங்ஷன் இயங்குவது பயனரின் சொந்த ஷெல்லுக்குள். அங்கே சோர்ஸ் செய்தால் நம் மாறிகள் அனைத்தும் அவருடைய ஷெல்லில் ஒட்டிக்கொள்ளும். அவர் வைத்திருக்கும் அதே பெயருள்ள மாறி அழிந்துபோகும். வெறும் உரைக்கோப்பாக, வரிக்கு ஒரு கிளை எண் என்று எழுதி வைப்பதே போதும். டேப் ஃபங்ஷன் அந்தக் கோப்பைப் படித்து நிரப்பும். ஸ்கிரிப்ட் அதே கோப்பில் க்ரெப் என்ற தேடல் கட்டளை கொண்டு தேடும். அப்போது ரெஜெக்ஸாக எண்ணாதே, முழு வரியும் பொருந்த வேண்டும், எதையும் அச்சிடாதே என்ற மூன்று குறிகளையும் சேர்த்துக் கொடுங்கள். முதல் குறியை விட்டுவிட்டால் இரண்டு புள்ளிகளைத் தட்டியவருக்குக்கூட ‘சரியான கிளை’ என்ற பதில் கிடைக்கும், ஏனெனில் ரெஜெக்ஸில் புள்ளி எந்த எழுத்துக்கும் பொருந்தும்.

கோப்பின் கடைசியில் ஒரு வெற்று வரி தங்கிவிட்டால், காலியான ஆர்குமெண்ட் அந்த வெற்று வரியோடு முழுமையாகப் பொருந்தி உள்ளே வந்துவிடும். ஆகவே க்ரெப்புக்கு முன்னால் காலியா என்ற சோதனை இருந்தே ஆக வேண்டும்.

11. மலைப்பாம்பு

இவ்வளவு படித்த பிறகு எனக்குத் தோன்றுவது, இதை பைத்தானில் எழுதிவிடலாமே என்பதுதான். ஆர்க்பார்ஸ் நூலகம் 2.7, 3.2 பதிப்புகளிலிருந்து பைத்தானுடனேயே வருகிறது. சாய்சஸ் என்று பட்டியலைக் கொடுத்துவிட்டால் சரிபார்ப்பு, பிழைச்செய்தி, வெளியேறும் எண் 2, உதவிப் பக்கம் எல்லாம் எழுதாமலே கிடைக்கும். ஆர்க்கம்ப்ளீட் என்ற துணை நூலகத்தைச் சேர்த்தால் அதே பட்டியலிலிருந்து டேப் நிரப்புதலும் வந்துவிடும்.

குறைகளையும் நானே சொல்லிவிடுகிறேன். நீளமான விருப்பக் குறிகளின் சுருக்கத்தையும் ஆர்க்பார்ஸ் இயல்பாக ஏற்கும். இன்று யாரோ சுருக்கமாக க்ரானில் எழுதி வைப்பார், நாளை நீங்கள் அதே எழுத்துகளில் தொடங்கும் இன்னொரு குறியைச் சேர்த்ததும் அது உடையும். இதை அணைக்கும் வசதி 3.5 பதிப்பில் வந்தது. ஆம், இல்லை என்ற மதிப்புக்கு வகையாக பூல் என்று கொடுப்பது மற்றொரு பொறி. ஃபால்ஸ் என்று தட்டினாலும் அது காலியல்லாத சரம் என்பதால் ட்ரூ ஆகிவிடும். ஆர்க்கம்ப்ளீட்டோ ஒவ்வொரு டேப்புக்கும் உங்கள் ஸ்கிரிப்டை ஆர்குமெண்ட் பிரிக்கும் வரி வரை இயக்குகிறது. அதற்கு மேலே தரவுத்தள இணைப்பைத் திறந்து வைத்திருந்தால், டேப் அடிக்குந்தோறும் இணைப்பு திறக்கும்.

12. கருந்திரை

புதிதாக எழுதுபவருக்கு நானும் பைத்தானையே பரிந்துரைப்பேன். ஆனால் மூன்று ஆர்குமெண்ட்களுக்காக, பல ஆண்டுகள் ஓடித் தேறிய 140 வரிகளை மாற்றி எழுதினால், வேலை செய்துகொண்டிருக்கும் பகுதிகளில் புதுப்பிழைகள் நுழையும். காப்பு ஸ்கிரிப்டில் அந்தத் துணிச்சல் எனக்கில்லை.

13. நீலத்திரை

விண்டோஸ் பக்கத்திலிருந்து ஒரு சொல். பவர்ஷெல்லில் வேலிடேட்செட் என்று ஒரே வரியில் அளபுருவின் மேல் எழுதினால், சரிபார்ப்பும் டேப் நிரப்புதலும் அதே வரியிலிருந்து கிடைக்கும். நீங்கள் நாடும் ‘ஒரே பட்டியல்’ அங்கே மொழியிலேயே இருக்கிறது. ஆயினும் அது இயல்பாகப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்ப்பதில்லை. பயனர் தட்டியபடியே மதிப்பை உள்ளே அனுப்பிவிடும். அதே ஸ்கிரிப்டை லினக்ஸில் ஓட்டி, அந்த மதிப்பைக் கோப்புறைப் பெயராகப் பயன்படுத்தினால் புதுக் கோப்புறை ஒன்று முளைத்து நிற்கும்.

14. இரவுப்பணி

அனைவருக்கும் நன்றி. பாஷிலேயே முடித்துவிட்டேன். கிளைகளுக்கு ஓர் உரைக்கோப்பு, வகைகளுக்கு ஓர் உரைக்கோப்பு. ஸ்கிரிப்டும் டேப் ஃபங்ஷனும் அவற்றையே படிக்கின்றன. இப்போது 0 என்று தட்டி இருமுறை டேப் அடித்தால் 01 முதல் 09 வரை வரிசையாக வந்து நிற்கிறது. எம் என்று தட்டி ஒருமுறை அடித்தால் மன்த்லி முழுவதும் நிரம்பி, அடுத்த சொல்லுக்கான இடைவெளியும் விழுகிறது.

மேக் வைத்திருப்பவருக்கு முதலில் வேலை செய்யவில்லை. 2019-இல் வந்த கேட்டலினாவிலிருந்து மேக்கில் இயல்பு ஷெல் இசட்-ஷெல் என்பதே காரணம். அதில் பாஷ்கம்ப்இனிட் என்ற இணைப்பை இயக்கியதும் அதே ஃபங்ஷன் ஓடியது. ஆனால் பட்டியலைப் படிக்க நான் பயன்படுத்திய மேப்ஃபைல் கட்டளை இசட்-ஷெல்லில் இல்லை. மேக்கோடு வரும் பழைய பாஷ் 3.2-இலும் இல்லை, அது 4.0-இல்தான் வந்ததாம். வரிவரியாகப் படிக்கும் சாதாரண வைல் சுழற்சியாக மாற்றி எழுதினேன்.

இதைச் சொல்லாமல் விட முடியாது. புதிய ஸ்கிரிப்டை நிறுவிய அன்றிரவு 2 மணி 10 நிமிடத்துக்கு க்ரானிடமிருந்து 14 மின்னஞ்சல்கள் வந்தன: மூன்று ஆர்குமெண்ட் தேவை, இரண்டே கொடுக்கப்பட்டுள்ளன. க்ரான் வரிகளைத் திறந்து பார்த்தேன். எதிலும் தேதி இல்லை. இத்தனை காலமாக அங்கே காலிச் சரம் போய், டேட் அதை இன்றைய தேதி என்று ஏற்று, நேற்றைய வணிகத்தின் காப்பு இன்றைய தேதியிட்ட பெயரில் சேமிக்கப்பட்டு வந்திருக்கிறது. காப்பின் தேதி ஒருநாள் தள்ளி நிற்கிறது என்று கணக்குப் பிரிவினர் சென்ற ஆண்டே சொன்னார்கள். சேவையகத்தின் நேர மண்டலமாக இருக்கும் என்று பதில் சொல்லி அனுப்பியவன் நான்தான். 14 வரிகளிலும் நேற்றைய தேதியைக் கணக்கிட்டுத் தரும் டேட் கட்டளையை மூன்றாவது ஆர்குமெண்டாகச் சேர்க்கப் போகிறேன்.

15. நாள்காட்டி

சேர்க்கும் முன் ஒன்று. க்ரான் அட்டவணையில் சதவீதக் குறிக்குத் தனிப்பொருள் உண்டு. அதைப் புதுவரியாக மாற்றி, பின்னால் உள்ளதைக் கட்டளையின் உள்ளீடாக அனுப்பிவிடும். டேட்டின் வடிவக் குறியில் சதவீதம் வரும் என்பதால் உங்கள் கட்டளை பாதியிலேயே வெட்டுப்படும். ஒவ்வொரு சதவீதக் குறிக்கும் முன்னால் பின்சாய்கோடு இடுங்கள். அல்லது தேதியைக் கணக்கிடும் வரியைச் சிறு ஸ்கிரிப்டில் வைத்து, க்ரானிலிருந்து அதை மட்டும் அழையுங்கள்.

16. இரவுப்பணி

நல்ல வேளையாகச் சொன்னீர்கள், முதல் மூன்று வரிகளைச் சதவீதத்தோடு எழுதியிருந்தேன். சிறு ஸ்கிரிப்டாக மாற்றிவிட்டேன். இன்றிரவு மின்னஞ்சல் எதுவும் வராமல், காலையில் 14 கோப்புகளும் நேற்றைய தேதியில் இருந்தால் இழையைத் தீர்ந்ததாகக் குறித்துவிடுகிறேன்.